சர்வதேசத் தொடக்கப் பள்ளி நூலகத்தில் நாள் எப்படிப் போகும்?

"பத்து வருடம் வகுப்பாசிரியராக இருந்துவிட்டு, வரும் கல்வியாண்டில் ஒரு சர்வதேசப் பள்ளியின் தொடக்கப் பிரிவு நூலகத்துக்கு மாறப் போகிறேன். அங்கே நாள் எப்படிப் போகும்? என்னென்ன நிகழ்ச்சிகள் நடத்த வேண்டியிருக்கும்? எதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டிருந்தீர்கள். நான் இந்த வேலைக்கு வந்து 14 வருடம் ஆகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏழு வயது. பள்ளியில் சேர்ந்து மூன்றாவது நாள். பள்ளியில் எல்லாரும் பேசுகிற மொழியில் அவனுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. வகுப்பில் காலையிலிருந்து மேசையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான் என்று ஆசிரியை சொன்னார். நூலக நேரத்துக்கு வந்ததும் அலமாரிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தான். டைனோசர் புத்தகங்கள் இருந்த இடத்தில் நின்றான். ஒன்றை எடுத்துத் தரையில் விரித்து, படத்தில் விரலை வைத்து ஒவ்வொன்றின் பெயரையும் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். டைனோசர்களின் அறிவியல் பெயர்கள் பெரும்பாலான மொழிகளில் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்தில் இருந்த இரண்டு பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியாத பெயர்கள் இவனுக்குத் தெரிந்திருந்தன. ஐந்து நிமிடத்தில் மூன்று தலைகளும் ஒரே புத்தகத்தின் மேல் குனிந்திருந்தன.

நூலகத்தில் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் அன்றிலிருந்து அந்தப் பையனை வைத்துத்தான் யோசிக்கிறேன். நேற்று வந்து சேர்ந்த பிள்ளைக்கு இதில் என்ன இருக்கிறது? வகுப்பறையில் 'மொழி தெரியாதவன்' என்று இருக்கிற குழந்தை இந்த அறைக்குள் 'விஷயம் தெரிந்தவன்' ஆக முடியுமா? கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்தக் கேள்விக்குள் அடங்கும்.

சரி, ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம்.

மணி அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே கதவைத் திறந்துவிடுவேன். சீக்கிரம் வந்து இறங்கும் பிள்ளைகளும், தம்பி தங்கையோடு வரும் பெற்றோர்களும் அப்போது வருவார்கள். திருப்பித் தரும் பெட்டியில் விழுந்திருக்கும் புத்தகங்களை எடுத்து, பார்கோடை ஸ்கேன் செய்து கணக்கில் வரவு வைப்பது முதல் வேலை. ஒவ்வொன்றையும் ஒருமுறை விசிறிப் பார்க்க வேண்டும். காய்ந்த இலை, மடித்த ஓவியம், எப்போதோ எழுதிய ஒரு மன்னிப்புக் கடிதம் எல்லாம் உள்ளே இருக்கும். ஈரம் பட்ட புத்தகம் இருந்தால் அன்றே உலர்த்த வேண்டும். ஓரிரு நாள் தள்ளினாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடலாம். பெற்றோரிடம் ஒன்றை வருடா வருடம் சொல்லிக்கொண்டே இருங்கள்: கிழிந்த பக்கத்தை வீட்டில் செல்லோடேப் போட்டு ஒட்ட வேண்டாம், அப்படியே கொண்டு வந்து கொடுங்கள். அந்த டேப் சில வருடத்தில் மஞ்சளாகிக் காகிதத்தையும் கெடுத்துவிடும். நான் மேசை ஓரத்தில் 'அடிபட்ட புத்தகங்கள்' என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். கிழித்ததற்குத் திட்டு விழாது என்று தெரிந்ததும் பிள்ளைகள் மறைக்காமல் கொண்டுவந்து போடுகிறார்கள்.

அப்புறம் வகுப்புகள். ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒரு நூலக நேரம், பெரும்பாலும் 40 நிமிடம். அதற்குள் பழைய புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும், ஒரு கதை கேட்க வேண்டும், புதிதாக எதையாவது கற்றுக்கொள்ள வேண்டும், புத்தகம் தேர்ந்தெடுக்க வேண்டும். சின்ன வகுப்புகளுக்குக் கதையை முதலில் வையுங்கள். புத்தகம் கைக்குப் போய்விட்டால் அவர்கள் கண் அதிலேயே இருக்கும், அதில் தப்பும் இல்லை. நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குத் தேர்வு முதலில், பாடம் பிறகு. அவர்களுக்குத் தேட நேரம் வேண்டும்.

இந்த நேர அட்டவணையில் ஒரு சிக்கல் உண்டு. பல பள்ளிகளில் நூலக நேரம் என்பது வகுப்பாசிரியருக்கு ஓய்வு நேரமாகக் கணக்கிடப்படுகிறது. பிள்ளைகளை வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவார். அப்போது வகுப்பில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, எந்தப் பிள்ளை எதை எடுத்தது என்று அவருக்குத் தெரியாது. சேர்ந்த முதல் மாதத்திலேயே நிர்வாகத்திடம் பேசி, குறைந்தது மாதம் ஒருமுறையாவது ஆசிரியர் கூட இருக்கும்படி கேளுங்கள். பத்து வருடம் வகுப்பறையில் இருந்த உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

தேர்ந்தெடுக்கும் நேரம்தான் நாளின் மையம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடங்காட்டி அட்டை கொடுப்போம். புத்தகத்தை உருவும்போது அந்த இடத்தில் அட்டையைச் செருகிவிட்டால், வேண்டாம் என்று தோன்றும்போது அதே இடத்தில் வைக்கலாம். ஆறு வயதுப் பிள்ளைகள் இதை ஒரு சடங்கு போல அத்தனை கவனமாகச் செய்வார்கள். படப்புத்தகங்களை அவர்கள் உயரத்துக்கு, அட்டை தெரியும்படி தொட்டிகளில் வையுங்கள். வாசிக்கத் தெரியாத குழந்தைக்குப் புத்தகத்தின் முதுகு ஒன்றும் சொல்லாது.

எத்தனை புத்தகம் எடுக்கலாம் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். எங்கள் வழக்கம், மழலையருக்கு ஒன்று, முதல் இரண்டு வகுப்புகளுக்கு இரண்டு, மேலே போகப் போக ஐந்து வரை. தாய்மொழிப் புத்தகம் இந்தக் கணக்கில் சேராது, எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். இந்த ஒரு விதியை நீங்களும் கொண்டு வந்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன். தாமதத்துக்கு அபராதம் வேண்டாம். ஏழு வயதுக் குழந்தை புத்தகத்தை மறப்பது பெரும்பாலும் வீட்டுச் சூழலால்தான். அபராதம் போட்டால் புத்தகம் சீக்கிரம் வராது, பிள்ளை வருவதுதான் நிற்கும்.

வாசிப்பு நிலை பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வகுப்பறையில் வாசிப்புத் திறனுக்கேற்ப 1, 2, 3 என்று நிலை பிரித்த புத்தகங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது, ஆசிரியராக அது உங்களுக்குத் தெரியும். ஆனால் நூலகப் புத்தகத்தின் முதுகில் நிலை எண்ணை ஒட்டாதீர்கள், ஒட்டச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுங்கள். அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கம் இதை வெளிப்படையாகவே எதிர்த்திருக்கிறது. ஒரு பிள்ளை எந்த நிலையில் வாசிக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் மட்டும் தெரிய வேண்டிய விஷயம். சர்வதேசப் பள்ளியில் இது இன்னும் முக்கியம். தன் மொழியில் தடித்த நாவல் படிக்கிற பத்து வயதுப் பெண், புதிய மொழியில் முதல் நிலையில் நிற்பாள். அவள் கையில் '1' என்று ஒட்டிய புத்தகத்தைக் கொடுத்து நண்பர்கள் முன்னால் நிறுத்தக் கூடாது. ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத வார்த்தைக்கு ஒரு விரல் மடக்கி, ஐந்து விரலும் மடங்கினால் கடினம் என்று சொல்லித் தரும் ஐந்து விரல் முறை இருக்கிறது. அதைக் கற்றுக் கொடுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். கப்பல் படங்களுக்காக மட்டும் ஒரு கனமான புத்தகத்தை நான்கு வாரம் சுமந்துகொண்டு போன பையனை நான் தடுக்கவில்லை. ஐந்தாவது வாரம் படத்தின் கீழே இருக்கும் வரிகளைப் படித்துக் காட்டினான்.

இனி அலமாரி. இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன்.

பெரும்பாலான பள்ளி நூலகங்கள், ஒவ்வொரு விஷயத்துக்கும் ஓர் எண் கொடுத்துப் புத்தகங்களைப் பிரிக்கிற டூயி தசமப் பகுப்பு முறையில்தான் அடுக்கப்பட்டிருக்கும். அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி இதை 1876இல் வெளியிட்டார். டைனோசர்கள் 567.9இல், நாட்டுப்புறக் கதைகள் 398.2இல், சித்திரக்கதைகள் 741.5இல், கால்பந்து 796.334இல் இருக்கும். இந்த நான்கு எண்களையும் பிள்ளைகள் உங்களுக்கு முன்பே மனப்பாடம் செய்திருப்பார்கள். நல்ல முறைதான், ஆனால் அது எந்த இடத்திலிருந்து உலகத்தைப் பார்த்தது என்பது எண்களிலேயே தெரியும். மொழிகளுக்கான 400களில் ஆங்கிலத்துக்கு 420, ஜெர்மனுக்கு 430, பிரெஞ்சுக்கு 440 என்று ஆளுக்கொரு பத்து எண்கள். சீனம், அரபு, ஜப்பானியம், திராவிட மொழிகள் எல்லாம் 490க்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். தமிழ் 494.811. தமிழ் இலக்கியம் 894.811. 40 நாட்டுப் பிள்ளைகள் வருகிற நூலகத்தில் இதை அப்படியே பின்பற்றினால், பாதிப் பிள்ளைகளின் மொழிகள் கடைசி அலமாரியின் கடைசி அடுக்கில் போய் முடியும்.

அதனால் நாங்கள் தாய்மொழிப் புத்தகங்களைத் தனியே எடுத்து, மொழிவாரியாக, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் வைத்திருக்கிறோம். மொழியின் பெயரை அந்த மொழியின் எழுத்திலேயே பெரிதாக எழுதியிருக்கிறோம். 'பிற மொழிகள்' என்று ஒரு பலகை மாட்டாதீர்கள். தன் மொழியை 'பிற' என்று பார்க்கிற குழந்தைக்கு அது என்ன சொல்கிறது என்று யோசித்தாலே போதும்.

பல மொழிகளை ஒரே அலமாரியில் வைக்கும்போதுதான் புத்தகம் என்ற பொருளே எத்தனை விதம் என்று புரியும். அரபு, ஹீப்ரு, உருது, பாரசீகப் புத்தகங்களுக்கு நாம் பின்னட்டை என்று நினைக்கிற பக்கம்தான் முன்னட்டை. மேலிருந்து கீழாக அச்சடித்த ஜப்பானியப் புத்தகங்களும் அப்படியே வலமிருந்து திறக்கும். பார்கோடை எந்தப் பக்கம் ஒட்டுவது என்பதில் ஆரம்பித்து எல்லாமே யோசிக்க வேண்டியதாகிவிடும். ஆங்கிலப் புத்தகத்தின் முதுகில் தலைப்பு மேலிருந்து கீழே ஓடும். பிரெஞ்சு, ஜெர்மன் புத்தகங்களில் பெரும்பாலும் கீழிருந்து மேலே. பிள்ளைகள் இரண்டு அலமாரிகளுக்கு முன்னாலும் தலையை எதிரெதிர்ப் பக்கம் சாய்த்துப் படிப்பதைப் பார்க்கலாம்.

முதல் வருடம் எனக்குத் தெரியாத எழுத்தில் இருந்த ஒரு புத்தகத்தைக் காட்சிப் பலகையில் தலைகீழாக வைத்துவிட்டேன். ஒரு மாதம் அப்படியே இருந்தது. அந்த மொழி பேசும் பெண் குழந்தை ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் வந்து அதை நேராக வைத்துவிட்டுப் போனாள். அந்த ஒரு மாதமும் அவள் அதைத் தினமும் பார்த்திருப்பாள் என்று நினைக்கும்போது இன்றும் மனசு வலிக்கிறது. அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியாத மொழியில் புத்தகம் வந்தால், அந்த மொழி தெரிந்த ஒரு பிள்ளையையோ பெற்றோரையோ கூட உட்கார வைத்துத்தான் பட்டியலில் ஏற்றுவேன். தலைப்பை அதன் சொந்த எழுத்தில் ஒருமுறை, ஒலிபெயர்த்து ஒருமுறை என இரண்டு விதமாகவும் பதிவு செய்வோம். பேசத் தெரியும், எழுத இன்னும் வரவில்லை என்ற நிலையில் இருக்கும் பிள்ளையும் அப்போது தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

தாய்மொழிக்கு ஏன் இவ்வளவு இடம் என்று பெற்றோரே கேட்பார்கள். "இங்கே வந்தது புதிய மொழி கற்கத்தானே?" என்பார்கள். பதிலைத் தெளிவாக வைத்திருங்கள். இருமொழிக் கல்வியை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் காட்டியது இது: புதிய மொழியில் விளையாட்டு மைதானப் பேச்சு சுமார் இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக மொழி கைவர ஐந்திலிருந்து ஏழு வருடம் ஆகும். சரளமாகப் பேசுகிறான் என்று நாம் உதவியை நிறுத்துகிற இடத்தில்தான் பிள்ளை தடுமாறத் தொடங்குகிறான். அந்த நீண்ட வருடங்களில் அவன் சிந்தனை வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும் அல்லவா? அதற்கு அவன் வயதுக்கேற்ற விஷயங்களைத் தன் மொழியில் படித்தாக வேண்டும். ஒரு மொழியில் கற்ற வாசிப்புத் திறன் மறு மொழிக்கும் கைகொடுக்கும் என்பதும் அவருடைய முக்கியமான வாதம். எரிமலை எப்படி வெடிக்கிறது என்று தன் மொழியில் படித்த பிள்ளை, புதிய மொழியில் வார்த்தையை மட்டும் கற்றால் போதும், விஷயத்தைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

சில குழந்தைகள் புதிய மொழிச் சூழலில் மாதக்கணக்கில் பேசவே மாட்டார்கள். இது மௌனக் காலம், நோயல்ல. அந்தக் குழந்தையிடம் "கதை புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். சொற்களே இல்லாத படப்புத்தகங்கள் இருக்கின்றன, அவற்றை நிறைய வாங்கி வையுங்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்து, பக்கம் புரட்டும் பொறுப்பையும் கொடுத்துவிடுங்கள். எங்கள் நூலகத்தில் அதிகம் இரவல் போகிறவை இவைதான்.

புத்தகம் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு, ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990இல் எழுதியது எனக்கு இன்றும் வழிகாட்டி. குழந்தைக்குப் புத்தகம் தன்னையே காட்டும் கண்ணாடியாகவும், பிறரைக் காட்டும் சன்னலாகவும், உள்ளே நுழைந்து போகக்கூடிய கதவாகவும் இருக்க வேண்டும் என்றார். திருவிழா, உடை, கொடி என்று ஒரு நாட்டை மூன்று படத்தில் முடித்துவிடும் புத்தகம் கண்ணாடி ஆகாது. அந்த நாட்டுக் குழந்தை பல் விழுந்ததற்காக அழுகிற கதை, தம்பியோடு சண்டை போடுகிற கதை, நாயைத் தேடி அலைகிற கதை வேண்டும்.

நம்மவர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்கிறது. பயிற்சிக் காலத்தில் இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். மூன்று வருடமாக யாரும் தொடாத ஒரு புத்தகத்தைப் புதிதாக வந்த ஒரு சிறுமி மார்போடு அணைத்துக்கொண்டு போனபோது மூன்றாம் விதி புரிந்தது.

நிகழ்ச்சிகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வருடம் முழுக்க இருக்கும், எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. அக்டோபர் சர்வதேசப் பள்ளி நூலக மாதம். பிப்ரவரி 21 தாய்மொழி நாள், ஏப்ரல் 2 குழந்தைகள் புத்தக நாள், ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். இவற்றுக்கு நடுவே பள்ளியின் சொந்தப் புத்தக வாரம்.

ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் தாய்மொழி நாளைச் செய்யுங்கள். 1952 பிப்ரவரி 21 அன்று வங்க மொழிக்காக டாக்காவில் மாணவர்கள் உயிர் கொடுத்தார்கள். யுனெஸ்கோ அந்த நாளை 1999இல் சர்வதேசத் தாய்மொழி நாளாக அறிவித்தது. மொழிக்காக உயிர் போகும் என்பது தமிழ் வாசகர்களுக்குப் புதிய செய்தி அல்ல. சின்னக் குழந்தைகளிடம் அந்த வரலாற்றை முழுதாகச் சொல்ல முடியாது. நாங்கள் சேவலில் ஆரம்பிப்போம். உங்கள் மொழியில் சேவல் எப்படிக் கூவும்? தமிழில் கொக்கரக்கோ, பிரெஞ்சில் கொக்கொரிக்கோ, ஜெர்மனில் கிக்கெரிக்கீ, ஜப்பானியத்தில் கொக்கெகொக்கோ. ஆங்கிலச் சேவல் மட்டும் காக்-எ-டூடுல்-டூ என்று தனி வழியில் போகும். அறை முழுக்கச் சேவல் கூவும்போது மௌனக் காலத்தில் இருந்த ஒரு குழந்தையும் சேர்ந்து கூவியதை நான் கேட்டிருக்கிறேன். பள்ளியில் அவள் வாயிலிருந்து வந்த முதல் ஒலி அது, அவள் சொந்த மொழியில்.

அதே வாரத்தில் பெற்றோர் வந்து தங்கள் மொழியில் கதை வாசிப்பார்கள். மொழி புரியாத பிள்ளைகளும் கேட்க வேண்டும் என்பதற்காக நாங்கள் காமிஷிபாய் பயன்படுத்துகிறோம். இது ஜப்பானியக் காகித நாடகம். மரச் சட்டத்துக்குள் பட அட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்வது. பார்ப்பவருக்குப் படம், சொல்பவருக்கு அட்டையின் பின்பக்கம் எழுத்து. முன்னால் தெரிகிற படத்துக்கான வரிகள் கடைசி அட்டையின் பின்னால் இருக்கும். உருவிய அட்டையைக் கடைசியில் செருகும்போது அடுத்த வரிகள் கண்ணுக்கு வரும். பின்பக்கம் எந்த மொழியில் எழுதி ஒட்டினாலும் படம் அதேதான். ஒரே கதையை ஒரு நாளில் ஆறு மொழியில் கேட்ட மூன்றாம் வகுப்பு, ஆறாவது முறை தெரியாத மொழியிலும் சரியான இடத்தில் சிரித்தது.

ஏப்ரல் 2க்குப் பின்னால் ஒரு பெண்மணி இருக்கிறார், அவரைப் பற்றிப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். யெல்லா லெப்மான், ஜெர்மனியில் பத்திரிகையாளராக இருந்த யூதப் பெண். நாஜிகளிடமிருந்து தப்பி 1936இல் இங்கிலாந்துக்குப் போனார். போர் முடிந்த 1945இல், இடிந்து கிடந்த அதே ஜெர்மனிக்குத் திரும்பினார். அங்கிருந்த குழந்தைகளுக்கு ரொட்டியோடு புத்தகமும் வேண்டும் என்று நம்பி, பல நாடுகளுக்குக் கடிதம் எழுதிக் குழந்தைப் புத்தகங்களைக் கேட்டு வாங்கினார். நேற்றுவரை எதிரியாக இருந்த நாடுகளும் அனுப்பின. 1946இல் மியூனிக்கில் கண்காட்சி, 1949இல் அங்கேயே சர்வதேச இளையோர் நூலகம், 1953இல் சூரிக்கில் குழந்தைகள் நூல்களுக்கான சர்வதேசக் குழுமம் என்று வேலை விரிந்தது. அந்தக் குழுமம்தான் குழந்தைக் கதைகள் எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் பிறந்த நாளான ஏப்ரல் 2ஐ 1967இலிருந்து குழந்தைகள் புத்தக நாளாகக் கொண்டாடுகிறது. வருடம் ஒரு நாடு அதற்குச் சுவரொட்டியும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தியும் தயாரிக்கும். எங்கள் ஐந்தாம் வகுப்பு அந்தச் செய்தியைத் தங்கள் மொழிகளுக்கு மொழிபெயர்க்கும்.

எழுத்தாளர் வருகை என்பது செலவும் அலைச்சலும் உள்ள காரியம். பலன் தருவதும் தராததும் முன்தயாரிப்பில் இருக்கிறது. பிள்ளைகள் அவருடைய புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும், கேள்விகள் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "உங்கள் வயது என்ன?" என்பதோடு நேரம் முடிந்துவிடும். கதாபாத்திர வேட அணிவகுப்பு வேண்டுமா என்று பெற்றோர் சங்கத்தில் கேட்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. கடையில் வாங்கிய உடைதான் ஜெயிக்கிறது, முதல் நாள் இரவு அம்மாக்களுக்குத் தூக்கம் போகிறது. ஒரு செருப்புப் பெட்டிக்குள் தனக்குப் பிடித்த கதையின் ஒரு காட்சியை வகுப்பிலேயே செய்யச் சொன்னால் எல்லார் கையிலும் ஒரே பொருள், வெவ்வேறு கற்பனை.

புத்தகச் சந்தை நூலகத்துக்குப் பணம் தரும், அதை மறுக்க முடியாது. ஆனால் சர்வதேசப் பள்ளியில் எல்லாக் குடும்பமும் ஒன்று அல்ல. கல்வி உதவி பெறும் பிள்ளைகளும் உண்டு, பள்ளி ஊழியர்களின் பிள்ளைகளும் உண்டு. கையில் காசில்லாமல் வகுப்போடு வரிசையில் நிற்கும் பிள்ளையைப் பார்த்த பிறகு, நான் பள்ளி நேரத்தில் சந்தை நடத்துவதை நிறுத்திவிட்டேன். மாலையில் பெற்றோரோடு வரலாம். பகல் நேரத்துக்குப் புத்தகப் பரிமாற்றம்: வீட்டிலிருந்து ஒன்று கொண்டு வந்து வேறொன்று எடுத்துப் போகலாம். கொண்டு வர ஒன்றுமில்லாத பிள்ளைக்கு என் மேசையடியில் ஒரு பெட்டி தயாராக இருக்கும்.

பாடத்திட்டத்தோடு நூலகம் எப்படிச் சேரும் என்பதையும் சொல்ல வேண்டும். பல சர்வதேசப் பள்ளிகளில் சர்வதேச பக்கலாரியா (IB) அமைப்பின் தொடக்க நிலைத் திட்டம் நடக்கிறது. அந்த அமைப்பு 1968இல் ஜெனீவாவில் தொடங்கியது, தொடக்க நிலைத் திட்டம் 1997இல் வந்தது. நாம் யார், உலகம் எப்படி இயங்குகிறது, புவியைப் பகிர்ந்துகொள்வது என்பது போல ஆறு பெரிய கருப்பொருள்கள். பாடங்கள் அவற்றைச் சுற்றி நடக்கும். ஒவ்வொரு பாட அலகும் தொடங்குமுன் 30, 40 புத்தகங்களைத் தள்ளுவண்டியில் வைத்து வகுப்புக்கு அனுப்ப வேண்டியது உங்கள் வேலை. அந்த வண்டியில் குறைந்தது ஐந்து புத்தகம் அந்த வகுப்பில் இருக்கும் தாய்மொழிகளில் இருக்கட்டும். கடைசி வருடத்தில் பிள்ளைகள் தாங்களே ஒரு பிரச்சினையைத் தேர்ந்து ஆராய்ந்து கண்காட்சி வைப்பார்கள். அந்த வாரங்களில் நூலகம் சந்தை போல இருக்கும். உள்ளடக்கப் பக்கம், பின்னால் உள்ள சொல்லடைவு, எங்கிருந்து எடுத்தேன் என்று எழுதி வைப்பது, இவற்றை அப்போது கற்றுக்கொடுக்க முடியாது. மூன்றாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். அகரவரிசை என்பதே இல்லாத எழுத்துமுறையிலிருந்து வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பழைய புத்தகங்களைக் கழிப்பது எல்லாருக்கும் கஷ்டமான வேலை. புளூட்டோ ஒன்பதாவது கோள் என்று சொல்லும் புத்தகம் 2006க்கு முந்தையது. தெற்கு சூடான் இல்லாத உலக வரைபடம் 2011க்கு முந்தையது. ஸ்வாசிலாந்து 2018இல் எஸ்வாட்டினி ஆனது, அடுத்த வருடம் வடக்கு மாசிடோனியா என்ற பெயர் வந்தது. "என் நாடு இதில் இல்லையே" என்று ஒரு குழந்தை கேட்கும் நிலை வரக் கூடாது. எடுத்துவிடுங்கள். காலி இடம் அசிங்கமல்ல, அங்கே நல்ல புத்தகங்களை அட்டை தெரிய வைக்கலாம்.

ஏதாவது ஒரு புத்தகத்துக்குப் பெற்றோரிடமிருந்து ஆட்சேபம் வரும், கட்டாயம் வரும். பள்ளி இருக்கும் நாட்டின் சட்டத்தை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். எழுத்தில் ஒரு கொள்கை இருக்கட்டும், புத்தகத்தை முழுதாகப் படித்த பிறகே குழு முடிவெடுக்கும் என்று அதில் இருக்கட்டும். அவர்களிடம் கோபப்படாமல் பேச முடிந்தால் பாதி விஷயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கல்வியாண்டின் கடைசி மாதம் வேறு மாதிரி இருக்கும். இந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள். பெற்றோரின் வேலை மாறும், குடும்பம் மாறும். வருடம் முடியும்போது இத்தனை பேர் போகிறார்கள் என்று ஒரு பட்டியல் அலுவலகத்திலிருந்து வரும். நம் புத்தகங்கள் அவர்கள் வீட்டுச் சாமான்களோடு கப்பல் ஏறிவிடும், பல மாதம் கழித்து வேறொரு நாட்டிலிருந்து தபாலில் திரும்பி வந்ததும் உண்டு. அதனால் சாமான் கட்டுவதற்கு முன்பே பட்டியலைக் கொடுத்து வாங்கிவிட வேண்டும். ஆனால் போகிற பிள்ளையின் கடைசி நூலக நேரம் பாக்கி வசூலோடு முடியக் கூடாது. நாங்கள் ஒவ்வொருவரையும் நூலகத்தில் தனக்கு மிகப் பிடித்த ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வோம். அதன் உள்ளட்டையில் ஒரு சின்ன அட்டை ஒட்டி, முதல் பெயரையும் வருடத்தையும் பிள்ளை தன் கையால் தன் மொழியில் எழுதும். பின்னால் வருகிற பிள்ளைகள் அந்தப் பெயர்களைப் படித்து "இது யார்?" என்று கேட்கிறார்கள். தெரியாத எழுத்தில் இருந்தால் படிக்கத் தெரிந்தவரைத் தேடிப் போகிறார்கள்.

டைனோசர் பையனும் இரண்டு வருடத்தில் போய்விட்டான். எந்தப் புத்தகத்தில் எழுதினான் என்று சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் சேரும் முதல் வாரத்தில் அலமாரி எதையும் நகர்த்த வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். அலுவலகத்தில் கேட்டு, வகுப்புவாரியாகப் பிள்ளைகளின் பெயரும் வீட்டு மொழியும் உள்ள பட்டியலை வாங்குங்கள். எந்த மொழியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை புத்தகங்கள் என்று இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். புத்தகம் பூஜ்யமாக இருக்கும் மொழிதான் உங்கள் முதல் கொள்முதல். அப்புறம் பெயர்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் "உன் பெயரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், நான் சொல்வது சரியா?" என்று கேட்டு, சரியாக வரும்வரை சொல்லிப் பாருங்கள். எனக்குச் சில பெயர்கள் வர ஒரு மாதம் ஆனது. பிள்ளைகள் அலுத்துக்கொள்ளாமல் திருத்தினார்கள்.